எங்களை முதுகெலும்பு என்பவர்களே, முதலில் எலும்பை எண்ணுங்கள்



மே தினம் வந்தால் ஒரு வசனம் மேடையேறும். வரவு செலவுத் திட்டம் வந்தால் அதே வசனம் பாராளுமன்றத்தில் கேட்கும். தேர்தல் வந்தால் அது லயத்து வாசலுக்கே வந்து கும்பிடு போடும். "தோட்டத் தொழிலாளர்கள் இந்த நாட்டுப் பொருளாதாரத்தின் முதுகெலும்பு." அரசாங்கக் கட்சி சொல்கிறது, எதிர்க்கட்சி சொல்கிறது, கம்பனித் துரைமாரும் சொல்கிறார்கள். உண்மையைச் சொன்னால் எங்கள் சங்க மேடைகளிலும் இதையே சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறோம்.

இந்த முதுகெலும்பை நாடு எப்படி வைத்திருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 1948இல் கொண்டுவந்த 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன் பூட்டனை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த வருடமே வாக்கும் போனது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரண்டு அரசாங்கங்கள் கையெழுத்துப் போட்டன. மிச்சமிருந்தவர்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினைக்கு முடிவு காண 2003 வரை சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. முதுகெலும்பு என்று சொல்லிக்கொண்டே பிடுங்கி வீசத் தெரிந்தவர்கள் இவர்கள்.

ஆனால் இந்த இதழில் நாங்கள் பேசப்போவது உவமையான முதுகெலும்பைப் பற்றியல்ல. கொழுந்துக் கூடைக்குக் கீழே இருக்கிற, காலையில் எழும்பும்போது பிடித்துக்கொள்கிற, அந்தியில் நிமிர மறுக்கிற உண்மையான முதுகெலும்பைப் பற்றி. அதற்கு என்ன நடக்கிறது, அந்தச் செலவை யார் கட்டுகிறார்கள் என்பதே எங்கள் கேள்வி.

33 எலும்பு

எங்கள் பாடசாலையில் விஞ்ஞானப் பாடத்துக்கு முள்ளந்தண்டின் படத்தைச் சுவரில் மாட்டுவோம். ஒரு நாள் பாடம் முடிந்ததும் ஒரு பிள்ளை எழுந்து கேட்டது: "டீச்சர், எங்கம்மாவுக்கு இதுல எந்த எலும்பு நோவுது?" புத்தகத்தில் அந்தக் கேள்விக்கு விடை இல்லை. அன்றைக்கு எங்களாலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறோம்.

முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. பிறக்கும்போது பொதுவாக 33 சிறு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. கழுத்தில் 7. நெஞ்சுக்குப் பின்னால் 12; விலா எலும்புகள் இவற்றில்தான் வந்து பொருந்துகின்றன. இடுப்புக்கு மேலே 5. அதற்குக் கீழே 5 எலும்புகள் வளர்ந்தவர்களுக்கு ஒன்றாய் இறுகித் திருவென்பு ஆகிவிடும். கடைசியில் வால்பகுதியில் 4, அவையும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே அசைந்து, வளைந்து, பாரம் தாங்குவது மேலே உள்ள 24 எலும்புகள்தான். அவற்றுக்கு நடுநடுவே மெத்தை மாதிரி 23 வட்டத்தட்டுகள் உண்டு. எலும்புகளின் நடுத் துவாரம் வழியாக மூளையிலிருந்து முண்ணாண் இறங்குகிறது. அதிலிருந்து 31 சோடி நரம்புகள் பிரிந்து கைக்கும் காலுக்கும் உடம்புக்கும் போகின்றன.

கழுத்தில் இருக்கும் முதல் எலும்புக்கு அத்திலசு என்று பெயர். கிரேக்கர்களின் பழங்கதையில் வானத்தையே சுமக்கும்படி தண்டனை பெற்ற ஒருவனின் பெயர் அது. மனிதத் தலை ஏறக்குறைய 5 கிலோ. அதைத் தாங்குவதற்காக அமைந்ததுதான் இந்தக் கழுத்து. எங்கள் பெண்களோ கூடைக் கயிற்றை உச்சந்தலையில் மாட்டுகிறார்கள். கூடை முதுகில் கிடந்தாலும் அதன் பாரம் கயிறு வழியாகத் தலைக்கும் கழுத்துக்கும்தான் ஏறுகிறது. கயிறு பின்னால் இழுக்க, அவர்கள் கழுத்தை முன்னால் நீட்டிப் பிடிக்கிறார்கள். காலை பெரட்டு முடிந்து மலையேறியதிலிருந்து அந்தி நிறுவை வரை இதே நிலைதான்.

இடுப்புக்கு மேலே உள்ள 5 எலும்புகள்தான் எல்லாவற்றிலும் பெரியவை. மேலே இருக்கும் பாரம் முழுவதும் அவற்றில்தான் வந்து இறங்குகிறது. அலவாங்கு பிடித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். குட்டையான பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நீளமான பக்கத்தில் கிடக்கும் கல்லைத் தூக்கிப் பாருங்கள். கல்லின் எடையைப்போலப் பல மடங்கு பலம் வேண்டும். நாம் முன்னால் குனிந்து பாரம் எடுக்கும்போது முதுகுத் தசைகள் அந்தக் குட்டைப் பக்கத்தைத்தான் பிடித்து இழுக்கின்றன. அந்த இழுவையும் பாரமும் சேர்ந்து கீழ்த்தட்டுகளை நசுக்குகின்றன. தட்டின் ஓரம் பலவீனமாகிப் பிதுங்கினால் பக்கத்தில் போகும் நரம்பை அழுத்தும். அப்போதுதான் பிட்டத்திலிருந்து பாதம் வரைக்கும் மின்சாரம் பாய்ந்த மாதிரி வலி இறங்குகிறது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். வளர்ந்தவர்களின் வட்டத்தட்டுக்குள் இரத்தக் குழாய் கிடையாது. பகலில் பாரம் அழுத்த அழுத்த அதிலிருந்து நீர் வெளியேறும். இரவில் படுத்திருக்கும்போதுதான் அது திரும்ப நீரையும் ஊட்டத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். அந்தியில் இருப்பதைவிடக் காலையில் நாம் கொஞ்சம் உயரமாக இருப்பது இதனால்தான். ஆக, தட்டுக்கு இரவுதான் சாப்பாட்டு நேரம். விடியுமுன் நாலு மணிக்கு எழுந்து தண்ணீர் தூக்கி, சோறாக்கி, பிள்ளையை மடுவத்தில் விட்டு, பெரட்டுக்கு ஓடி, அந்திக்குப் பிறகு விறகும் சுமந்து வருகிற பெண்ணின் முதுகுக்கு அந்தச் சாப்பாட்டு நேரம் எத்தனை மணித்தியாலம்? கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

தராசு கழிக்கும், எலும்பு கழிக்காது

இப்போது பாரத்தின் கணக்கைப் பார்ப்போம். ஒரு முழுப்பேருக்கு 18 கிலோ, 20 கிலோ, அதற்கு மேலும் என்று தோட்டத்துக்குத் தோட்டம் கேட்கிறார்கள். 20 என்றே வைப்போம். மாதத்தில் 20 நாள் வேலை என்றும் வைப்போம். மாதத்துக்கு 400 கிலோ. வருடத்துக்கு 4,800 கிலோ. 25 வருடம் கொழுந்தெடுத்த ஒருத்தியின் கழுத்தின் வழியாக 120,000 கிலோ, அதாவது 120 தொன் இறங்கியிருக்கிறது. பத்துத் தொன் லொறியில் ஏற்றினால் 12 லொறி.

இது தராசு எழுதிய கணக்கு மட்டும்தான். மழை நாளில் இலையோடு சேர்த்துச் சுமந்த தண்ணீர் இதில் இல்லை. நிறுவைக்கு நிறுவை "கூடைக்கு", "தண்ணிக்கு" என்று கழிக்கும் கிலோவும் இல்லை. நிறுவைக்கு 2 கிலோ கழித்து நாளுக்கு மூன்று தரம் நிறுத்தால் 6 கிலோ போகிறது. சம்பளத்தில் அந்த 6 கிலோ இல்லை. கழுத்தில் இருந்தது, இடுப்பில் இருந்தது, கானைத் தாண்டும்போது முழங்காலில் இருந்தது. கிலோத் திருட்டைப் பற்றிப் பேசும்போது இதுவரை சம்பளத்தை மட்டுமே பேசினோம். திருடப்பட்ட கிலோவைச் சுமந்தது யார் என்று நாங்களும் கேட்கவில்லை.

ஆண்களும் தப்பவில்லை. மருந்தடிப்பவர் முதுகில் 16 லீட்டர் தாங்கி ஏறினால் தண்ணீர் மட்டுமே 16 கிலோ. அதோடு தாங்கியின் எடையும் சேரும். உர மூட்டை 50 கிலோ. கவ்வாத்து வெட்டுபவர் நாள் முழுவதும் குனிந்த முதுகோடு கத்தி வீசுகிறார். வழுக்குகிற சரிவில், சரியான சப்பாத்தும் இல்லாமல்தான் இவ்வளவும் நடக்கிறது.

சர்வதேச தொழில் அமைப்பு 1967ஆம் ஆண்டிலேயே பாரம் சுமப்பதைப் பற்றி 127ஆம் இலக்க சமவாயத்தை நிறைவேற்றியது. உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ கேடு தரக்கூடிய பாரத்தை எந்தத் தொழிலாளியையும் சுமக்கச் செய்யக்கூடாது. முடிந்த இடத்திலெல்லாம் கருவிகளைப் பயன்படுத்த வேண்டும். பெண்களுக்கான பாரம் ஆண்களுக்கான பாரத்தைவிட நன்றாகக் குறைவாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதே வருடத்து 128ஆம் இலக்கச் சிபாரிசு வளர்ந்த ஆணுக்கு 55 கிலோ என்று உச்ச எல்லை வைத்தது. கர்ப்பிணிகளைப் பாரம் சுமக்கும் வேலையில் போடுவதைப் பற்றியும் அது எச்சரித்தது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று, எல்லா வசதியும் சரியாக அமைந்த இடத்தில்கூட ஒரு தூக்கலுக்கு 23 கிலோவுக்கு மேல் சிபாரிசு செய்வதில்லை. அது சமதரை, நல்ல பிடி, குனியாத முதுகு என்று வைத்துப் போட்ட கணக்கு. எங்கள் மலையில் இந்த மூன்றில் எது இருக்கிறது?

தேதி இல்லாத விபத்து

எங்கள் பகுதித் தோட்டமொன்றில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். 26 வருடம் கொழுந்தெடுத்த அக்கா ஒருவர் நிறைந்த கூடையோடு கானைத் தாண்டும்போது வழுக்கி உட்கார்ந்துவிட்டார். பக்கத்து நிரைக்காரிகள் தூக்கிவிட்டார்கள். நிறுவை தவறினால் அரைப்பேர் ஆகிவிடும் என்ற பயத்தில் வலியைப் பொறுத்துக்கொண்டு மடுவம் வரை நடந்து கொழுந்தை நிறுத்தார். மறுநாள் காலையில் எழும்ப முடியவில்லை. மூன்றாம் நாள் தோட்ட டிஸ்பென்சரிக்குத் தூக்கிப் போனார்கள். வலிக்குளிசையும் தைலமும் கொடுத்தார்கள். சங்கம் தலையிட்டுக் கேட்டபோது தோட்டக் கந்தோர் சொன்ன பதில்: "விபத்து நடந்ததாகப் பதிவு இல்லை. அந்த அம்மாவுக்கு இடுப்பு வலி ஏற்கனவே இருந்தது."

அந்தப் பதிலை நன்றாகக் கவனியுங்கள். வலி ஏற்கனவே இருந்தது என்கிறார்கள். எங்கிருந்து வந்தது? 26 வருடமாக எந்தத் தோட்டத்தின் கூடையைச் சுமந்தார்? தாங்கள் தேய்த்த முதுகையே சாட்சியாக நிறுத்தி, அந்த முதுகுக்கு நட்டஈடு இல்லை என்கிறார்கள்.

சட்டம் இருக்கிறது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் நேரும் விபத்தில் காயப்பட்டால் வேலை கொடுத்தவர் பொறுப்பு. விபத்தைப் பற்றி முடிந்த அளவு சீக்கிரமாக அறிவிக்க வேண்டும். விபத்து என்றால் தேதி உண்டு, இடம் உண்டு, கண்ட சாட்சி உண்டு. ஆனால் 20 வருடமாக, கிலோ கிலோவாகத் தேய்கிற முதுகுக்கு என்ன தேதி? எந்தக் கிழமை? எந்த மலை? தேதி சொல்ல முடியாத காயம் எல்லாம் தொழிலாளியின் சொந்தச் செலவாகிவிடுகிறது. நிரந்தரமாக வேலை செய்ய முடியாதென்று வைத்தியர் எழுதித் தந்தால் வயது வருமுன்பே ஊழியர் சேமலாப நிதியை எடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அது உழைத்துச் சேர்த்த சொந்தக் காசு. உடைந்த இடுப்புக்கு யாரும் கொடுத்த ஈடு அல்ல.

சொல்லும் சாட்டுகள்

"முதுகு வலி உலகத்தில் எல்லோருக்கும் வருகிறது, கந்தோரில் கதிரையில் இருப்பவருக்கும் வருகிறது" என்பார்கள். சரி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2020இல் உலகம் முழுவதும் 61 கோடியே 90 இலட்சம் பேர் இடுப்பு வலியோடு இருந்தார்கள். வலிக்குப் பாரம் மட்டுமே காரணம் என்றும் நாங்கள் சொல்லவில்லை. ஆனால் கதிரைக்காரருக்கு வலி வந்தால் லீவு உண்டு, மாதச் சம்பளம் உண்டு, வேறு கதிரையும் உண்டு. கொழுந்தெடுப்பவளுக்கு வலி வந்தால் பேர் போகும். அன்றைய சம்பளம் போகும். எல்லோருக்கும் வருகிற வலி என்றால் எல்லோருக்கும் கிடைக்கிற லீவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

"வயசு போனால் அப்படித்தான்" என்பார்கள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் எலும்பு வேகமாக மெலிவது உண்மை. மெலிந்த எலும்பு பாரத்தில் நசுங்கி முதுகு கூனுவதும் உண்மை. அப்படியென்றால் வயது கூடக் கூடக் கிலோ குறைய வேண்டும் அல்லவா? 25 வயதுக்காரிக்கும் 52 வயதுக்காரிக்கும் ஒரே கிலோவைக் கேட்டுவிட்டு வயதின் மேல் பழி போடுவது என்ன நியாயம்?

"படுத்தே கிடக்காதீர்கள், நடமாடுங்கள் என்று டொக்டர்களே சொல்கிறார்கள்" என்றும் ஒரு சாட்டு இருக்கிறது. ஆமாம், சாதாரண இடுப்பு வலிக்கு வாரக்கணக்கில் படுத்திருப்பது நல்லதல்ல. நடமாடச் சொல்வது நல்ல வைத்தியம். ஆனால் நடமாடு என்றால் கூடையைக் கட்டிக்கொண்டு மலையேறு என்று அர்த்தமா? டொக்டர் எழுதியதைத் தோட்டக் கந்தோர் தனக்கு வேண்டியபடி வாசிக்கக்கூடாது.

"தேயிலை விலை இல்லை, கம்பனிக்கு நட்டம்" என்பது எப்போதும் உள்ள பல்லவி. நிறுக்கும் இடத்தை மலைக்குக் கிட்டக் கொண்டுவர எவ்வளவு செலவாகும்? ஒரு தகரக் கூரையும் ஒரு தராசும். கொழுந்துச் சாக்கைப் பாதை வரைக்கும் பெண்களைச் சுமக்க விடாமல் ஆள் வைத்தால் எந்தக் கம்பனி மூடிவிடும்?

எங்கள் பக்கத்துப் பிழையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனதிலிருந்து தொழிற்சங்கங்கள் ரூபாவுக்காகவே மேசையில் உட்கார்ந்தன. 2021இல் 1,000 ரூபா வந்தது. 2024இல் 1,350 ஆனது. போராடிப் பெற்றது, குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 1,000 வந்த கையோடு பல தோட்டங்களில் கிலோ ஏறியது, வேலை நாள் இறங்கியது. ரூபாவை நாம் மேசையில் பேசினோம். கிலோவை அவர்கள் மலையில் தீர்மானித்தார்கள். இனிமேல் இரண்டும் ஒரே மேசைக்கு வர வேண்டும்.

நாம் கேட்பது

ஒன்று: ஒரு நடையில் சுமக்கும் பாரத்துக்கு எழுத்தில் எல்லை வேண்டும். ஆணுக்கு, பெண்ணுக்கு, வயதானவருக்குத் தனித்தனியாக. எல்லையைத் தாண்டுமுன் நிறுத்து இறக்கும்படி, மலைக்குக் கிட்ட நிறுக்கும் இடம் வேண்டும்.

இரண்டு: கர்ப்பம் என்று தெரிந்த நாளிலிருந்து கூடை இல்லாத இலகு வேலை. பேரும் சம்பளமும் குறையக்கூடாது.

மூன்று: டிஸ்பென்சரியில் முதுகு, இடுப்பு, கழுத்து வலி என்று வருகிற ஒவ்வொருவருக்கும் தனிப் பதிவு. என்ன வேலை, எத்தனை வருடம், எவ்வளவு பாரம் என்று அதில் எழுதி, ஒரு பிரதியைத் தொழிலாளியின் கையில் கொடுக்க வேண்டும். தேதி இல்லாத காயத்துக்குத் தேதி கொடுக்கிற வழி இதுதான்.

நான்கு: நீண்ட காலப் பாரத்தால் முதுகு கெட்டவர்களுக்கு நட்டஈடு பெறும் தெளிவான வழியைச் சட்டத்திலேயே திறக்க வேண்டும். இதைப் பாராளுமன்றத்தில் பேச வேண்டியவர்கள் எங்களை முதுகெலும்பு என்று அழைக்கிறவர்கள்தான்.

நாம் செய்ய வேண்டியது

விழுந்தால், வழுக்கினால், சுளுக்கினால், அன்றைக்கே சொல்லுங்கள். கங்காணியிடமோ வெளிக்கள உத்தியோகத்தரிடமோ வாயால் மட்டும் சொல்லாமல், எழுதச் சொல்லுங்கள். பக்கத்து நிரைக்காரர் இருவரின் பெயரைக் குறித்துவைத்துத் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். எழுதத் தயங்குபவர்களுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதித் தரட்டும். நாங்கள் சொல்லிக் கொடுக்கிறோம். டிஸ்பென்சரித் துண்டு, கிளினிக் கொப்பி, எக்ஸ்றே எதையும் வீசாதீர்கள்.

இதை மட்டும் மனதில் பதியுங்கள். இடுப்பு வலியோடு கால் பலம் குறைந்தாலோ, தொடை நடுவில் உணர்ச்சி மரத்தாலோ, சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போனாலோ, சிறுநீர் போகாமல் நின்றாலோ, தைலம் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். கந்தோரின் அனுமதிக்கும் நிற்காதீர்கள். அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். நரம்பு நசுங்குகிற அடையாளம் அது, தாமதித்தால் திரும்பாது.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். "கயிறு இழுக்கிற கழுத்தில் 7 எலும்பு, பாரம் இறங்குகிற இடுப்பில் 5 எலும்பு, உங்கம்மாவுக்கு அங்கேதான் நோவுது மகள். அது வயசால் மட்டும் வந்த நோவு இல்லை. அதைக் குறைக்கலாம்."

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஒரு பட்டியல் கொண்டுவாருங்கள்: யாருக்கு வலி, எத்தனை வருட வேலை, எத்தனை கிலோ. அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளக் கோரிக்கைக்குப் பக்கத்தில் அந்தப் பட்டியலையும் வைப்போம். அதற்குப் பிறகும் யாராவது எங்கள் மேடையில் ஏறி எங்களை முதுகெலும்பு என்றால், அந்தப் பட்டியலைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுவோம்.